கறுப்பு தீர்ந்துபோன நாள்

எலியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். போன ஐப்பசி மழையில் வீட்டுக்குள் புகுந்த ஒரு எலி, சமையலறையில் அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் இருக்க, அதையெல்லாம் விட்டுவிட்டு மேசைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த கீபோர்டு ஒயரை மூன்று இடத்தில் கடித்து வைத்துவிட்டுப் போனது. அது சாதாரண கீபோர்டாக இருந்திருந்தால் அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பேன். அது அப்பாவின் டிடிபி கடையில் இருந்து வந்தது. பில்லிங் கவுண்டர்களில் டக் டக்கென்று சத்தம் போடுமே, அந்த ரகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று அந்தத் தெருவின் நல்லது கெட்டது எல்லாம் அதன் வழியாகத்தான் போனது. அப்பா கடைசி வரை பழைய டைப்ரைட்டர் முறையில்தான் அடித்தார், நான் தமிழ்99. இரண்டு பேர் விரலும் சேர்ந்து தேய்த்ததில் பாதிக் கட்டைகளில் எழுத்தே இல்லை. இருந்தாலும் அதில் அடிக்கிற வேகம் எனக்கு வேறு எதிலும் வராது.

சரி, ஒயர்தானே, மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு பை இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும். செத்துப்போன மவுஸ், பழைய மானிட்டர் கேபிள், எந்த போனுக்கு வந்தது என்றே மறந்துபோன சார்ஜர் என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர் காயலான் கடை. அந்தப் பையில் இருந்து, கிளிக் போய் இரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மவுஸை எடுத்தேன். யுஎஸ்பி மவுஸ், யுஎஸ்பி கீபோர்டு, இரண்டுக்கும் நாலு ஒயர்தான். மவுஸ் பக்கம் கட்டரால் ஒரு வெட்டு வெட்டி, மவுஸின் உடலைக் குப்பையில் போட்டேன். அந்த வெட்டு எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை.

தோலை உரித்துப் பார்த்தால் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை. கீபோர்டைத் திறந்து, எலி விட்டுவைத்த மிச்ச ஒயரைப் பார்த்தால் அதிலும் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. ஈயம் வைத்துப் பத்த வைத்தேன், மேலே பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டேன், லைட்டரால் சூடு காட்டிச் சுருக்கினேன், பார்க்கக் கடை வேலை மாதிரியே அழகாக இருந்தது. பழைய டெஸ்க்டாப்பில் செருகி ஆன் செய்தேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை: யுஎஸ்பியில் அளவுக்கு மீறிய கரண்ட் போகிறது, 15 விநாடியில் கணினி தானாக நின்றுவிடும். எனக்குப் படித்து முடிக்கவே பத்து விநாடி ஆனது. அதற்குள் கீபோர்டில் இருந்து லேசாக ஒரு வாசனை. எலெக்ட்ரானிக்ஸில் கை வைத்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும், வயிற்றைப் பிசையும். பிடுங்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எரிச்சல் ஒயர் மேல் வரவில்லை, என் மேலேயே வந்தது. சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்று எனக்கு யார் சொன்னது? பள்ளிக்கூடத்தில் பேட்டரியும் டார்ச் பல்பும் வைத்து விளையாடிய நாளில் இருந்து இது என் தலையில் இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்ததாகக்கூட ஞாபகம் இல்லை. தெரிந்தே இருந்தது, அவ்வளவுதான்.

காகிதத்தில் என்ன இருக்கிறது

நியாயமாகப் பார்த்தால் நான் ஒன்றும் ஆதாரம் இல்லாமல் நம்பவில்லை. 1996இல் யுஎஸ்பி வந்ததில் இருந்து வழக்கம் இதுதான்: முதல் பின்னில் 5 வோல்ட், சிவப்பு. இரண்டாவது டேட்டா மைனஸ், வெள்ளை. மூன்றாவது டேட்டா பிளஸ், பச்சை. நாலாவது கிரவுண்டு, அதாவது மைனஸ், கறுப்பு. இணையத்தில் எங்கே தேடினாலும் இந்தப் படம்தான் வரும். நல்ல கம்பெனியின் போன் கேபிள் எதை வெட்டினாலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். உறையிலேயே பொடி எழுத்தில் ‘28 ஏடபிள்யூஜி 1பி, 24 ஏடபிள்யூஜி 2சி’ என்று அச்சடித்திருப்பார்கள். டேட்டாவுக்கு 28ஆம் கேஜில் ஒரு ஜோடி, கரண்டுக்கு 24ஆம் கேஜில் இரண்டு ஒயர் என்று அர்த்தம். இந்தக் கேஜ் கணக்கில் எண் ஏற ஏற ஒயர் மெலியும், அதனால் 24தான் தடிமன். ஆக, நிறத்தைப் பார்க்காமல் தடிமனைப் பார்த்தே கரண்டு எது, டேட்டா எது என்று பிரித்துவிடலாம்.

என் மவுஸ் ஒயரில் அச்சும் இல்லை, தடிமன் வித்தியாசமும் இல்லை, நாலும் நூல் மாதிரி ஒரே கனம். இன்னொரு அடையாளமும் இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். சாதாரண யுஎஸ்பி கேபிளில் வெள்ளையும் பச்சையும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டு வரும். வெளியில் இருந்து வரும் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே அளவில் ஏறும், மறுமுனையில் ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் அடிபட்டுப்போகும், அதற்குத்தான் அந்த முறுக்கு. ஆனால் மவுஸ் மாதிரி விநாடிக்கு 1.5 மெகாபிட்டில் நிதானமாகப் பேசும் சாதனத்துக்கு முறுக்கு கட்டாயம் இல்லை. அதனால் என் ஒயரில் நாலும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா படுத்திருந்தன. அச்சு இல்லை, கனம் இல்லை, முறுக்கு இல்லை. மிச்சம் இருந்த ஒரே சாட்சி நிறம், நான் அதையே நம்பிவிட்டேன்.

முறுக்கு பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். என் மச்சான் ஒருமுறை மாடிக்கு நெட் கேபிள் இழுத்தான். எட்டு ஒயரையும் தன் கண்ணுக்கு அழகாகப் பட்ட வரிசையில், ஆனால் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வைத்து பிளக்கில் அழுத்திப் பொருத்தினான். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. நெட் மட்டும் தவழ்ந்தது, விட்டுவிட்டு வந்தது. பிளக்கில் ஒன்றாம் பின்னும் இரண்டாம் பின்னும் ஒரு ஜோடி, மூன்றும் ஆறும் ஒரு ஜோடி. மூன்றுக்கும் ஆறுக்கும் ஒன்றாக முறுக்கிய ஒயர்கள் போக வேண்டும், அவன் வேறு வேறு முறுக்கில் இருந்து ஒவ்வொன்று எடுத்துப் போட்டிருந்தான். டெஸ்டர் ‘ஒயர் போய்ச் சேருகிறது’ என்றுதான் சொல்லும், யாரோடு சேர்ந்து போகிறது என்று சொல்லாது. அந்த வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்ற வரிசை யாரோ பொழுதுபோகாமல் வைத்தது என்று அன்றுவரை நானும் நினைத்திருந்தேன்.

“நீ எங்க வெட்டின?”

ஒரு வாரம் கீபோர்டைத் தொடவில்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு அண்ணன் இருக்கிறார், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி), மானிட்டர் என்று வாழ்க்கையை ஓட்டியவர். இப்போது எல்லாரும் எதையும் மாற்றித்தான் போடுகிறார்கள், ரிப்பேர் செய்வதில்லை என்ற வருத்தத்தை ஒவ்வொரு முறையும் சொல்வார். அன்றைக்கும் சொன்னார். நான் கதையைச் சொல்லி முடித்தேன். அவர் என் அழகான ஸ்லீவ்களைப் பார்த்தார்.

“ஜாயிண்டு நல்லாத்தான் போட்டிருக்க தம்பி. எத வச்சு ஒயர மேட்ச் பண்ண?”

“கலர் வச்சுத்தாண்ணே.”

“யாரு கலரு?”

எனக்குப் புரியவில்லை. “ஸ்டாண்டர்டு கலர்ணே, சிவப்பு பிளஸ்...”

“அது சரி. இந்த மவுச பண்ணவன் அந்த ஸ்டாண்டர்டப் படிச்சானா?” என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் மவுஸ் எங்கே என்று கேட்டார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். “நீ எங்க வெட்டின?” என்றார். மவுஸ் பக்கம் என்றேன். “உள்ள ஒரு சின்ன வெள்ள சாக்கெட் இருந்திருக்குமே? அதுல போர்டுலயே எழுதியிருப்பான். அதோட சேத்து எடுத்துட்டு வந்திருக்கணும். வெட்டும்போது பாதிக் கதைய வெட்டிடுறோம், அப்புறம் கலரப் பாத்து மீதிக் கதைய நாமளே எழுதிக்கிறோம்.” சொல்லிக்கொண்டே என் நாலு ஸ்லீவையும் பிளேடால் கிழித்துப் போட்டார். மனசு கொஞ்சம் வலித்தது.

மல்டிமீட்டரை, இரண்டு முனைக்கும் நடுவில் தொடர்பு இருந்தால் கத்தும் பீப்பில் வைத்து, யுஎஸ்பி பிளக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிளக்குக்குள் பார்த்தால் தங்க நிறத்தில் நாலு பட்டை தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் உள்ளே இருக்கும் இரண்டைவிடக் கொஞ்சம் நீளம். செருகும்போது கரண்ட் முதலில் சேர வேண்டும், டேட்டா அப்புறம் சேர வேண்டும், அதற்காக அப்படி. ஆக ஓரம் இரண்டும் கரண்டு, நடு இரண்டும் டேட்டா. அவர் ஐந்து வோல்ட் பட்டையில் ஒரு முனையை வைத்துக்கொண்டு இன்னொரு முனையால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டார். சிவப்பு, சத்தம் இல்லை. வெள்ளை, இல்லை. பச்சை, இல்லை. கறுப்பு, பீப்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கிரவுண்டு பட்டைக்கு மாறினார். சிவப்பு, பீப். என் மவுஸைச் செய்த ஆள் சிவப்பில் கிரவுண்டும் கறுப்பில் ஐந்து வோல்ட்டும் அனுப்பியிருக்கிறான். மவுஸ் நாலு வருஷம் நன்றாக ஓடியது. ஏன் ஓடாது? அவனுக்குப் போர்டு பக்கமும் தெரியும், பிளக் பக்கமும் தெரியும், இரண்டையும் பத்த வைத்தது ஒரே ஆலை.

“எதுக்குண்ணே இப்படி மாத்துறாங்க?”

“கறுப்பு ரோல் தீந்துருக்கும்” என்றார். கிண்டலா நிஜமா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு அந்த நிமிஷம் எங்கள் வீடு ஞாபகம் வந்தது. வீடு கட்டும்போது ஒயரிங் செய்த எலெக்ட்ரீஷியன், மாடி அறையில் நியூட்ரலுக்குச் சிவப்பு ஒயரை இழுத்திருந்தார். கேட்டதற்கு, “கறுப்பு தீந்துபோச்சு சார், மழ வேற வருது, அதான் இருக்கிறதப் போட்டுட்டேன், எனக்குத் தெரியும்ல” என்றார். அவருக்குத் தெரியும், வாஸ்தவம். அவருக்குப் பின்னால் அந்த சுவிட்ச் போர்டைத் திறக்கப்போகிறவனுக்கு? அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் ரொம்ப நியாயமானதாகத் தோன்றியது, மவுஸ் ஆலைமேல் மட்டும் ஏனோ வரவில்லை. அவர்கள் யாருக்கும் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. மூடி ஒட்டிய மவுஸுக்குள் ஒருவன் கட்டரை வைப்பான் என்று அவர்கள் கணக்கிலேயே இல்லை.

கீபோர்டு பக்கம்

இனி கீபோர்டு. அதன் பழைய பிளக்கில் இருந்து பீப் பார்க்க முடியாது, நடுவில் எலி. அண்ணன் பெட்ரோல் தொட்ட பிரஷ்ஷால் போர்டின் மேல் இருந்த பதினைந்து வருஷத் தூசியைத் தேய்த்தார். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ‘வி’ என்று ஒரு எழுத்து, அந்தப் பக்கக் கடைசியில் ‘ஜி’ என்று ஒரு எழுத்து. நடு இரண்டும் பழைய பசைக்கு அடியில் இருந்தன. எழுத்து வந்துவிட்டதே என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன், அவர் எழுத்தையும் நம்பவில்லை. போர்டில் குட்டியாக ஒரு கெப்பாசிட்டர் நின்றுகொண்டிருந்தது, அதன் உடம்பில் ஒரு பக்கம் வெளிர்க்கோடு இருக்குமே, அது மைனஸ் கால். அதற்கும் ‘ஜி’க்கும் பீப். இன்னொரு காலுக்கும் ‘வி’க்கும் பீப். “இத மாத்திப் போட்டா கெப்பாசிட்டர் வெடிக்கும். அதனால இதுல மட்டும் அவன் பொய் சொல்ல மாட்டான்” என்றார். எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. தப்பாகச் சொன்னால் சொன்னவனுக்கே அடி விழுகிற இடத்தில் இருக்கும் சாட்சியை நம்பலாம்.

சிப் செத்துவிட்டதா என்று கேட்டேன். மீட்டரை டயோடு சோதனையில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கறுப்பு முனையை டேட்டா ஒயர்களிலும் மாற்றி மாற்றி வைத்தார். இரண்டிலும் அறுநூற்றுச் சொச்சம் மில்லிவோல்ட், கிட்டத்தட்ட ஒரே எண். செத்த சிப்பாக இருந்தால் ஒன்று ஷார்ட் காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது, அல்லது இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. “உசுரோடதான் இருக்கு. மதர்போர்டுல இருந்த பியூஸ் காப்பாத்திருச்சு” என்றார். யுஎஸ்பி வாய்க்குப் பின்னால் இருக்கும் அந்த பியூஸ் சூடானால் கரண்டை நெரித்துவிட்டு, ஆறினால் தானே பழையபடி ஆகிவிடும். நான் இதையே ஒரு பவர் பேங்கிலோ மலிவான சார்ஜரிலோ செருகிப் பார்த்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

கரண்டு இரண்டையும் பத்த வைத்தார். டேட்டா இரண்டையும் முறுக்கி மட்டும் விட்டார். வெள்ளையோடு வெள்ளை, பச்சையோடு பச்சை. “இது மாறிப்போனா?” என்றேன். “சாகாது. கோவிச்சுக்கும்.” தன் கணினியில் செருகினார். கோபித்துக்கொண்டது. சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்று மூலையில் ஒரு பெட்டி வந்தது. இரண்டையும் மாற்றி முறுக்கினார், கீபோர்டில் ‘நம்லாக்’ கட்டைக்கான விளக்கு பளிச்சென்று எரிந்தது.

இதற்குக் காரணத்தை வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன், யோசிக்க யோசிக்க அழகாக இருந்தது. மெதுவாகப் பேசும் சாதனம், டேட்டா மைனஸை ஒரு 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மேலே இழுத்துப் பிடிக்கும், அதாவது அதன் வோல்ட்டை உயர்த்தி வைக்கும். வேகமாகப் பேசும் சாதனம் டேட்டா பிளஸை இழுத்துப் பிடிக்கும். கணினி எந்த ஒயர் மேலே போகிறது என்று பார்த்துத்தான் வந்திருப்பது யார் என்று முடிவு செய்கிறது. ஒயர் மாறினால், மெதுவாகப் பேசும் என் கீபோர்டு வேகக்காரன் மாதிரி வாசலில் கையைத் தூக்குகிறது. கணினி 12 மெகாபிட்டில் பேச ஆரம்பிக்கிறது, இது 1.5இல் முழிக்கிறது. அதைத்தான் அடையாளம் காண முடியவில்லை என்கிறது. அப்படியென்றால் மவுஸில் வெள்ளையும் பச்சையும் காகிதப்படி, கரண்டு இரண்டும் தலைகீழ். கீபோர்டில் கரண்டு காகிதப்படி, டேட்டா தலைகீழ். இரண்டு ஆலை, அதே நாலு நிறம், இரண்டு தனிப் பாஷை.

அந்நியர்கள் சந்திக்கும் இடம்

இதற்குப் பிறகுதான் எனக்கு உறுத்தல் அதிகமானது. நிறத்தை நம்பவே கூடாதா? அப்படிச் சொன்னால் அதுவும் பொய். கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் முறையைக் கொண்டுவந்ததில் இருந்து மஞ்சள் என்றால் 12 வோல்ட், சிவப்பு என்றால் 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்டு, ஊதா கணினி அணைந்திருக்கும்போதும் இருக்கும் 5, நீலம் மைனஸ் 12, சாம்பல் ‘எல்லாம் நலம்’ என்று போர்டுக்குச் சொல்லும் ஒயர், பச்சை ஆன் செய்யும் ஒயர். ஊக்கு ஒன்றை வளைத்துப் பச்சையையும் கறுப்பையும் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸை ஓடவைத்துப் பார்ப்பதை இந்தத் தொழிலில் யாரும் இரண்டாவது முறை யோசித்துச் செய்வதில்லை. எவ்வளவு மலிவான எஸ்எம்பிஎஸ்ஸிலும் பச்சை பச்சையாகவே இருந்தது, நான் பார்த்தவரை.

அங்கே மட்டும் ஏன் நிறம் உண்மை பேசுகிறது? எஸ்எம்பிஎஸ் செய்கிறவன் ஒருவன், மதர்போர்டு செய்கிறவன் வேறொருவன், இரண்டையும் சேர்க்கிறவன் மூன்றாவது ஆள், ரிப்பேர் செய்கிறவன் நாலாவது ஆள். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. அதனால் நடுவில் ஒரு பொதுப் பாஷை தேவைப்பட்டது. மவுஸ் ஒயரின் நிலைமை அது இல்லை, அதன் ஒரு முனைதான் வெளியுலகத்தைப் பார்க்கிறது. பிளக் முனையில் அவன் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மவுஸ் ஓடாது. மறுமுனை வீட்டுக்குள் பேசும் பேச்சு. வீட்டுக்குள் கணவனும் மனைவியும் ‘அது’ என்றால் எது என்று அவர்களுக்குத் தெரியும், வந்த விருந்தாளிக்கு ‘அது’ புரியவில்லை என்றால் யார் தப்பு?

இதைச் சொன்னபோது அண்ணன் ஒத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன், தலையை ஆட்டிவிட்டுப் ஏடிஎக்ஸுக்கு முந்தைய ஏடி காலத்துக் கதைக்குப் போய்விட்டார். அப்போது போர்டுக்குப் போகும் இரண்டு ஆறு-பின் பிளக்கும் ஒரே மாதிரி இருக்கும், மாற்றிச் செருகினால் போர்டு போச்சு. “கறுப்போட கறுப்பு சேரணும்” என்பதுதான் அவர் தொழிலுக்கு வந்த முதல் நாள் கற்ற மந்திரம், இரண்டு பிளக்கின் கறுப்பு ஒயர்களும் நடுவில் ஒன்றாக நிற்க வேண்டும். அதே பெட்டியில் முன்பக்கப் பட்டனுக்கு இன்னொரு தடித்த ஒயர் போகும், அதில் வருவது நேராக 230 வோல்ட். அதிலும் ஒரு கறுப்பு உண்டு. அது கிரவுண்டு இல்லை. ஒரே பெட்டிக்குள் ஒரு கறுப்பைத் தைரியமாகப் பிடிக்கலாம், இன்னொரு கறுப்பைப் பிடித்தால் ஆளே இல்லை. காயலான் கடையில் பழைய கேபினெட் கிடைத்து நோண்டுகிறவர்கள் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சுவருக்குப் போகும் எந்த ஒயரையும் இந்தக் கட்டுரையை வைத்துத் தொடாதீர்கள்.

இப்போதைய நிலைமை இன்னும் வேடிக்கை. புதிய எஸ்எம்பிஎஸ் பலவற்றில் எல்லா ஒயரும் கறுப்பு, பார்க்க ஸ்டைலாக இருக்கிறது என்று. மாடுலர் என்றால் ஒயரை இரண்டு பக்கமும் கழற்றலாம். நண்பன் ஒருவன் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று புதிது வாங்கினான். பழையதன் ஹார்டு டிஸ்க் கேபிள்கள் உள்ளே அழகாகக் கட்டியபடி இருந்தன, கம்பெனி வேறாக இருந்தாலும் பிளக் சரியாகப் பொருந்தியது, அப்படியே செருகிவிட்டான். இரண்டு டிஸ்க் ஒரே நொடியில் போயின. ஒன்றில் அவன் குழந்தையின் முதல் மூன்று வருஷப் போட்டோக்கள். டிஸ்க் பக்கப் பிளக் எல்லாருக்கும் பொது, எந்த பின்னில் எந்த வோல்ட் என்று உலகத்துக்கே ஒரே கணக்கு. எஸ்எம்பிஎஸ் பக்கப் பிளக்குக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது, அது ஒவ்வொரு கம்பெனியின் வீட்டுக்குள் பேச்சு. 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 5, 5 போக வேண்டிய இடத்தில் 12. வடிவம் ஒன்றாக இருந்ததால் அவன் நம்பினான், நிறம் ஒன்றாக இருந்ததால் நான் நம்பியது மாதிரி. அவனுடைய கறுப்பு ஒயர்களில் எச்சரிக்க ஒரு நிறம்கூட இல்லை. இந்த விஷயத்தில் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ஒரு தனிப் பாஷை, பொதுப் பாஷை மாதிரி உடை போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. பொருந்தாத பிளக்கை வைத்திருக்கலாம், அதற்கு நாலு ரூபாய் கூட ஆகியிருக்காது.

இப்போது செய்வது

இப்போதெல்லாம் நான் ஒயரை உரிப்பதற்கு முன்னால் இரண்டு முனையையும் பார்க்கிறேன். முடிந்தால் போர்டோடு, சாக்கெட்டோடு சேர்த்து எடுக்கிறேன், வெட்டியே ஆக வேண்டும் என்றால் வெட்டுவதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ. யுஎஸ்பி என்றால் பீப் பார்த்த பிறகும், பழைய போன் சார்ஜரில் செருகி, அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொடாமல் விரித்து வைத்து, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துப் பார்க்கிறேன். ஐந்து காட்டும் ஜோடிதான் கரண்டு, எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தால் முனைகள் தலைகீழ். இதில் ஒரு வேடிக்கை, பல சார்ஜர்களில் டேட்டா இரண்டையும் உள்ளேயே ஒன்றாக இணைத்திருப்பார்கள், ‘நான் கணினி இல்லை, சார்ஜர், தாராளமாகக் கரண்ட் எடுத்துக்கோ’ என்று போனுக்குச் சொல்வதற்காக. அதில் செருகிய கேபிளில் சார்ஜரை அணைத்துவிட்டுப் பீப் பார்த்தால் இரண்டு டேட்டா ஒயரும் ஒட்டிக்கொண்டு கத்தும், கேபிள் ஷார்ட் என்று நினைத்து ஒரு நல்ல கேபிளைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

இயர்போன் ஒயர் தனிக்கதை. அதில் உறையே இல்லாமல் சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் முடி மாதிரி இழைகள் வரும். பீப் வைத்தால் ஊமையாக இருக்கும், அறுந்துவிட்டது என்று தோன்றும். அந்த நிறமே ஒரு வார்னிஷ், அதுதான் உறை. லைட்டரில் ஒரு நொடி காட்டியோ, சூடான ஈயத்தில் முக்கியோ வார்னிஷை எரித்தால்தான் செம்பு வெளியே வரும்.

கீபோர்டு இப்போது நன்றாக ஓடுகிறது, இதை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் பத்த வைத்து முடித்து மூடியைத் திருகப் போனார், ஒரு நிமிஷம் இருங்கண்ணே என்றேன். அவர் மேசையில் கிடந்த பில் புத்தகத்தில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, ‘வெளி ஒயர்: சிவப்பு கிரவுண்டு, கறுப்பு 5 வோல்ட். உள் ஒயர்: வெள்ளை பச்சை தலைகீழ்’ என்று எழுதி, தேதி போட்டு, மூடியின் உள்பக்கம் டேப்பால் ஒட்டினேன். அண்ணன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, “இத யாரு படிக்கப்போறா?” என்றார்.

நேற்று ராத்திரி பரண்மேல் மறுபடியும் பிறாண்டும் சத்தம்.